ஒற்றை வால்வு

எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் பாட்டு செட்டுக்கு ஒரே பரீட்சைதான். ஓர் ஆள் தெருக்கோடியில் போய் நிற்பார். வீட்டுக்குள் வால்யூமை முழுக்கத் திருகுவார்கள். அங்கே கேட்டால் நல்ல செட், கேட்காவிட்டால் டப்பா. இந்தக் கூத்தை நான் என்றைக்கும் மதித்ததில்லை.

விழுப்புரத்தில் கூட்டுக் குடும்பம், திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பகலெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் குரல்களை இணைத்துக் கொடுத்துவிட்டு ரயிலில் திரும்பினால், எனக்கென்று கொஞ்சம் பாட்டு வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததும் வாங்கிய டேப்ரிக்கார்டரை என் கணவரின் அண்ணன் முகையூர்க் கல்யாணத்துக்குத் தூக்கிப் போனார். அங்கிருந்து ஒரு காதுகுத்து, அப்புறம் ஒரு மஞ்சள் நீராட்டு. திரும்பி வந்தபோது மூடி இல்லை, பாட்டு இழுத்து இழுத்து வந்தது. யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

அடுத்த முறை, பழைய ரேடியோக்களில் எரியும் கண்ணாடிக் குழல் வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர் செய்யச் சொல்லி, எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருந்த ரேடியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு மாதிரிகளைப் போட்டுக் காட்டினார். ஒன்றில் ஸ்பீக்கருக்குச் சத்தத்தைத் தள்ள ஒரே வால்வு. மற்றதில் ஜோடி வால்வு, பலமான சத்தம். இரண்டிலும் அதே வீணை ரெக்கார்டு. ஜோடியில் வீணை மேடையேறிக் கச்சேரி செய்தது. ஒற்றையில் தந்திமேல் விரல் வழுக்குவதுகூடக் கேட்டது. ஆனால் பின்னால் லேசாக ஒரு முனகல்.

"ஒத்த வால்வுல இந்த ஹம் கொஞ்சம் இருக்கும் மேடம். ஜோடி போட்டுக்குங்க, ரெண்டு தெருவுக்குக் கேக்கும். வீட்டு விசேஷத்துக்கு ஆவும்."

விசேஷத்துக்கு ஆகுமாம். அதுதான் வேண்டாம்.

"ஒத்தையே போடுங்க. ஹம்மைக் குறைச்சுக் குடுங்க, போதும்."

"வீட்ல ஒரு வார்த்த பேசிக்கினு வாங்களேன்."

"சம்பாதிக்கிறவ நாந்தாங்க. பாட்டு கேக்கப் போறவளும் நாந்தான்."

செட் வந்த ஞாயிற்றுக்கிழமையே, நான் வாங்கி வந்திருந்த அந்த வீணை ரெக்கார்டைப் போட்டு, கணவரின் அண்ணன் பரீட்சையை ஆரம்பித்துவிட்டார். என் கணவரைத் தெருக்கோடிக்கு அனுப்பினார். அவர் நல்ல மனிதர், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பார். வால்யூமைக் கடைசிவரை திருகியும், அங்கிருந்து அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"இன்னாம்மா இது, வாசலத் தாண்ட மாட்டேங்குது! அடுத்த மாசம் பையன் காதுகுத்துக்கு இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

நான் எழுந்துபோய், வால்யூமை எனக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்தேன்.

"தாண்டக் கூடாதுன்னுதான் மாமா இப்படிச் செய்யச் சொன்னேன்."

விரல் வழுக்குகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. காதுகுத்துக்கு அவர் மைக் செட்டை வாடகைக்கு எடுத்தார். என் செட் அலமாரியை விட்டு அசையவில்லை.