பிச்சுமணியின் பூத்தில் விழுந்த ஒற்றை ஓட்டு

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் எடை எழுதும் பிச்சுமணிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: தாமரைக் கட்சிக்காக எங்கள் பூத்தைப் பார்த்துக்கொள்வது. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அதனால் அவருடைய பிரசங்கம் எனக்கு மனப்பாடம்.

"ஜனசங்கமா இருந்தப்போ தீபம் சின்னம். எண்பதில தாமரை. எண்பத்துநாலுல தில்லியில ரெண்டே சீட்டு. இப்போ ஆட்சியே நம்மளதாக்கும்!"

கேரளத்தில் எத்தனை சீட்டு என்று கேட்டால், உடனே சாயா குடிக்க ஆரம்பித்துவிடுவார்.

காகித ஓட்டுக் காலத்தில் அவர் பாடு சுகம். எல்லாப் பூத்து ஓட்டுகளையும் கலந்துதான் எண்ணுவார்கள். "என் பூத்தில நாற்பது" என்று அடித்துவிடுவார். எங்கள் சந்து முழுக்க மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள், வாசலுக்கு வாசல் சிவப்புக் கொடி. அந்த நாற்பது பேர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

2001-இல் இயந்திரம் வந்தது. இனி பூத்துக் கணக்கு தனித்தனியாகத் தெரியும். மண்டலச் செயலாளர் சங்கர்ராம் கறாராகச் சொன்னார்: "நாற்பது வரல்லைன்னா பொறுப்பு வேற ஆளுக்கு."

பிச்சுமணி அசரவில்லை. எங்கள் பூத்துக்குக் காவலே வேண்டாம் என்று, ஆள் கிடைக்காத சுள்ளிக்கல் பூத்தில் ஏஜெண்டாகப் போய் உட்கார்ந்தார். விடியற்காலை போனவர், இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும்வரை பெஞ்சை விட்டு எழவில்லை.

மூன்றாம் நாள் எண்ணினார்கள். எங்கள் பூத்தில் தாமரைக்கு ஒன்று.

பொறுப்பு போயிற்று. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரோ வீட்டுக்கு வந்ததும் மனைவி கமலாக்ஷியின் மேல் பாய்ந்தார்.

"அந்த ஒண்ணு என்னோடது! நீ யாருக்குடி குத்தினே? கட்டின பெண்டாட்டியே காலை வாரிட்டியே!"

"உங்க இடது கை விரலைக் காட்டுங்கோ."

காட்டியிருப்பார் போல; அவளே தொடர்ந்தாள்.

"மை எங்கே? நாள் பூரா சுள்ளிக்கல்ல உக்காந்திருந்தேளே, இங்கே எப்போ வந்து ஓட்டுப் போட்டேள்? இதோ என் விரல். அந்த ஒண்ணு என்னோடதாக்கும்."

"நீ... அரிவாளுக்குன்னா போடுவேன்னு சொன்னே?"

"சொன்னேன். பட்டன்கிட்டே போனப்போ உங்க மொகம் ஞாபகம் வந்துடுத்து."

சுவருக்கு இந்தப் பக்கம் என் சிரிப்பும் அடங்கிவிட்டது.

அந்தப் பொறுப்பை ஏற்க எங்கள் சந்தில் வேறு யாரும் முன்வராததால், அது அவரிடமே திரும்பி வந்தது. 2006-இல் பிச்சுமணி உஷார். வரிசையில் முதல் ஆளாக நின்று ஓட்டுப் போட்டு, விரலில் மை காய்வதற்குள் சுள்ளிக்கல்லுக்கு ஓடினார்.

எண்ணினார்கள். எங்கள் பூத்தில் தாமரைக்கு மறுபடியும் ஒன்று.

இந்த முறை அவர் பாயவில்லை. "கமலா?" என்றார், மெதுவாக.

"இந்தத் தடவை நீங்களே போட்டுட்டேளே, பின்னே நான் எதுக்கு?"