லவோன் மாதிரி நடக்கும் போட்டி

மே மாதக் கடைசி வாரம் வந்தால் எங்கள் பள்ளிக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். உற்சாக வாரம் என்று அதற்குப் பெயர். திங்கட்கிழமை எல்லாரும் தூங்கும் உடையில் வருவார்கள். செவ்வாய்க்கிழமை இரட்டைப் பிள்ளைகள் வேடம், புதன்கிழமை அப்பா அம்மா காலத்து உடை. இந்த வருடம் வியாழக்கிழமைக்கு மாணவர் மன்றம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தது: பள்ளியில் வேலை செய்யும் யாராவது ஒருவரைப் போல வேடமிட்டு வர வேண்டும். அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவள் நான்தான். பள்ளி அலுவலகத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இதில் என்ன விபரீதம் வரும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது லவோன் ஹ்ருஸ்காவைப் பற்றி. பள்ளிச் சமையலறை அவர் பொறுப்பு. வயது அறுபத்தொன்று. கடைசிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த அன்றே, பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் தனக்கும் விடுமுறை என்று கணக்குப் போட்டு இந்த வேலைக்கு வந்தார். பிள்ளைகள் படித்து முடித்து ஒமாஹாவுக்கும் டென்வருக்கும் போய்விட்டார்கள். சோள லாரி ஓட்டிய கணவர் டென்னியும் போய்ச் சேர்ந்துவிட்டார். லவோன் மட்டும் தினமும் காலை ஐந்து மணிக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். உற்சாக வாரத்தின் கடைசி நாளான வெள்ளிக்கிழமை மதியம் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட காரக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ரோலும் கொடுப்பது நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்துப் பழக்கம். மற்றப் பள்ளிகளில் உறைந்த ரோலை வாங்கிச் சூடுபண்ணிக் கொடுக்கிறார்கள். இவர் முந்நூறு பேருக்கும் மாவைத் தன் கையால் பிசைவார்.

ஆறு வருடத்துக்கு முன்பு, பிப்ரவரியில், சமையலறை உறைபனி அறைக் கதவின் ரப்பர் கிழிந்து, கசிந்த தண்ணீர் தரையில் பனியாக உறைந்துகொண்டே இருந்தது. கதவைச் சரிசெய்யச் சொல்லி லவோன் மூன்று கடிதம் கொடுத்தார். மூன்றும் என் கை வழியாகத்தான் மேலே போயின. கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றது பள்ளிக் குழு. அதற்குள் கோழி இறைச்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த லவோன் வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஒன்பது வாரத்தில் கைத்தடியோடு திரும்பிவிட்டார். அன்றிலிருந்து அவர் நடை இடது பக்கம் இழுத்து இழுத்துத்தான்.

என் மகன் வேட் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் ஊரில் ஒரே கட்டடம்தான். நான் விடிந்ததும் அலுவலகம் திறக்க வேண்டும், அதனால் ஐந்து வயதிலிருந்து அவனுக்குக் காலைச் சாப்பாடு லவோன் சமையலறையில்தான். புதன்கிழமை சாயங்காலம் அவன் என்னிடம் பழைய ஏப்ரனும் ஒரு தலையணையும் கேட்டான்.

"யாரு வேஷம்டா?"

"லவோன். நாங்க பதினோரு பேரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான்தான் தலையணையை அவன் பின்பக்கம் நழுவாமல் ஏப்ரனோடு சேர்த்துத் தைத்தேன். லவோனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று வேறு சொன்னேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு தடியன்களும் சமையல்காரர் மாதிரி தலைமுடிக்கு வலை மாட்டி, பின்பக்கத்தைப் புடைக்கவைத்து, வாசலில் வரிசையாக வந்தார்கள். பதினோரு பேரும் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். "தட்டப் புடி! நகரு!" என்று லவோன் குரலில் கத்தினார்கள். நடைவழியே சிரித்து உருண்டது. ஆசிரியர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். பால் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு லவோன் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் என் வாய் மூடியது.

லவோன் நேரே தலைமையாசிரியர் ஹால்வர்சனின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"இதுல கோவப்பட என்ன இருக்கு லவோன்? பசங்களுக்கு உங்கள அவ்வளவு புடிக்கும். புடிக்காதவங்க மாதிரி யாராவது வேஷம் போடுவாங்களா?"

"என் காலும் அவங்களுக்குப் புடிச்சிருக்கோ?"

"சின்னப் பசங்க, விடுங்க."

"அடுத்த வாரம் பள்ளிப் படிப்பயே முடிக்கப் போறவன் சின்னப் பையனா? எத்தன பேரு முன்னால என் நடைய நடந்து காட்டினானுங்களோ, அத்தன பேரு முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா இந்த ஏப்ரன இப்பவே கழட்டி உங்க மேசையில வச்சிட்டுப் போறேன். நாளைக்கு நீங்களே மாவு பிசைங்க."

ஹால்வர்சன் கெட்டவர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் கொஞ்சம் யோசித்தார், முகம் மலர்ந்தது.

"ரெண்டு மணிக்கு ஜிம்ல கூட்டம் இருக்கில்ல? உங்களையே நடுவரா கூப்பிடறேன். பதினோரு பேர்ல யாரு அசல் லவோன்னு நீங்களே சொல்லுங்க, ஜெயிச்சவனுக்குப் பரிசு குடுத்துடலாம்! மொத்தப் பள்ளிக்கூடமும் எழுந்து நின்னு உங்களுக்குக் கை தட்டும். மன்னிப்ப விட இது பெரிய மரியாதை இல்லையா?"

அதை மரியாதை என்றே அந்த மனிதர் மனதார நம்பினார்.

லவோன் அவரையே பார்த்தார். "மைக் இருக்குமா?"

"இருக்கும், இருக்கும்."

"சரி."

வெளியே வந்தவர் என் மேசை முன்னால் நின்றார். "உன் பையனும் அதுல இருக்கான் மார்லா."

"தெரியும் லவோன்."

"அந்தத் தலையணைய யாரு தச்சது?"

நான் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"நல்ல தையல்," என்றார். "பிரியவே பிரியாது." காலை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் மகனை வகுப்பிலிருந்து வரவழைத்து, வேடத்தைக் கலைத்துவிட்டுப் போய் லவோனிடம் மன்னிப்புக் கேள் என்றேன்.

"அம்மா, சும்மா ஜோக்கும்மா. எல்லாரும்தான் சிரிச்சாங்க. நீகூடத்தான் சிரிச்ச."

அறையலாம் என்று கை எழுந்தது. ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. அவன் தலையணையை ஆட்டிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பிவிட்டான்.

இரண்டு மணிக்கு உள்விளையாட்டரங்கான ஜிம்மில் பாலர் முதல் பன்னிரண்டு வரை எல்லாரும் படிக்கட்டு இருக்கைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியக் குழு முழங்கியது. வகுப்புக்கு வகுப்பு போட்டி போட்டுக் கூச்சல். நடுவில் பதினோரு பேரும் ஒவ்வொருவராக நடந்து காட்டினார்கள். ஒருவன் வேண்டுமென்றே விழுந்து புரண்டான். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஹால்வர்சன் பல்லெல்லாம் தெரிய மைக்கை நீட்டினார். லவோன் ஜிம்மின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். அசல் நடை வரும்போதும் சிலர் சிரித்தார்கள்.

மைக்கை வாங்கிக்கொண்டு வரிசையைப் பார்த்தார்.

"நீ வலது காலை இழுக்கற. எனக்கு உடைஞ்சது இடது. நீ நடக்கறது வாத்து மாதிரி இருக்கு. நீ விழுந்தியே, நான் அப்படி விழல. நான் விழுந்தப்ப கையில இருபது கிலோ பெட்டி இருந்துச்சு."

சிரிப்பு குறைந்தது. லவோன் வேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இவன்தான் ஜெயிச்சான். இடது கால், இடுப்பிலிருந்து இழுக்கறான், அப்பறம் பாதத்த வைக்கறான். அப்படியே நான்தான். இவன மாதிரி என்னை யாரும் பாத்ததில்ல. தினம் காலைல என் அடுப்புப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தவன். நான் தடியோட திரும்பி வந்தப்ப, 'வலிக்குதா லவோன்?'னு கேட்ட ஒரே ஆளு இவன்தான். அப்ப இவனுக்குப் பன்னண்டு வயசு."

வேட்டின் முகத்தில் ஈயாடவில்லை. ஹால்வர்சன் அவசரமாக வாத்தியக் குழுவுக்குக் கை காட்டினார். முரசுக்காரப் பெண் குச்சியைத் தூக்கினாள்.

"அதக் கீழ வைம்மா," என்றார் லவோன். அவள் வைத்துவிட்டாள்.

"பரிசு வாங்கப் போறல்ல? வந்த மாதிரியே நடந்து போய் வாங்கு."

வேட் ஒரு அடி எடுத்து வைத்தான். கால் இழுக்கவில்லை. அதற்கு மேல் எப்படி நடப்பது என்றே தெரியாதவன் போல நின்றுவிட்டான். முணுமுணுவென்று ஏதோ சொன்னான்.

லவோன் மைக்கை அவன் வாயருகே கொண்டுபோனார். "காலைல ஊருக்கே கேக்கக் கத்தினியே. அவ்வளவு சத்தமா சொல்லு."

"மன்னிச்சிடுங்க லவோன்." அவன் குரல் உடைந்து ஜிம் முழுக்க ஒலித்தது.

லவோன் மைக்கை அடுத்தவன் வாயருகே கொண்டுபோனார். அவன் ஹால்வர்சனைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். அவனும் சொன்னான். பிறகு அதற்கடுத்தவன். ஒருவன் இளித்துக்கொண்டே சொன்னதால் இன்னொரு தடவை சொல்லவைத்தார். ஒருவன் அழுதான், அவனுக்காக மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தார்.

பதினோரு பேரும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. லவோன் அத்தனை நேரமும் அந்த இடுப்போடு நின்றுகொண்டிருந்தார். முந்நூறு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.