இரண்டு கண் மட்டும்

சேலத்தில் எனக்குத் துணிக்கடை. போன வருஷம், சாயங்காலமானால் என் இமைகள் தாமாகக் கீழே இறங்கத் தொடங்கின. வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் நாக்கும் குழறும். மதுவைத் தொட்டே அறியாத என்னைப் பற்றி, "பாய் இப்பெல்லாம் பொழுது சாஞ்சா ஊத்திக்கிறாரு போலிருக்குது" என்று ஒரு வாடிக்கையாளர் பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர்களிடம் காலையில்தான் போவேன். அப்போது கண்கள் பளிச்சென்று இருக்கும். "நல்லாத்தானே இருக்கீங்க, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாகப் பார்த்த நரம்பியல் டாக்டரம்மா இந்த மாதிரி நோய்களை ஆராய்ச்சி செய்பவர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புசக்தியே, நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை வழியில் மறித்துவிடுமாம். என்னைக் கண் எடுக்காமல் மேலே பார்க்கச் சொன்னார். சற்று நேரத்தில் இமைகள் சரிந்தன.

"அருமைங்க! அப்படியே இருங்க!" என்று முகம் மலர்ந்து, படம் பிடித்துக்கொண்டார். என் கண் மூடியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

மாத்திரையில் தேறினேன். என் சம்மதத்தோடு அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. அதில் என் படமும் இருந்தது. ஆள் அடையாளம் தெரியக்கூடாதென்று முகத்தை விட்டுவிட்டுக் கண்களை மட்டும் போட்டிருந்தார்கள்.

பெருமையோடு மனைவியிடம் போனை நீட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"வெளிநாட்டுக்குப் போற படம்னு தெரிஞ்சா, புருவத்தையாவது கொஞ்சம் ஒதுக்கிட்டுப் போயிருக்கக் கூடாதாங்க?" என்றாள்.