பங்கேற்பாளர் ஐந்தின் திருத்தங்கள்

"ஃபேனை ஆஃப் பண்ணிக்கலாமா மேடம்? ரெக்கார்டிங்ல காத்து சத்தம் விழுது." அந்தப் பெண் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான். அப்போது மே மாதம், வெயில் உச்சந்தலையில் நின்ற பிற்பகல். செம்பாக்கம் ஏரிக்காற்று ஜிலுஜிலுவென்று வரும் என்று சொல்லித்தான் இந்த வீட்டை எங்கள் தலையில் கட்டினார்கள், வருவதெல்லாம் கொசுதான். என் வீட்டுக்கு வந்து என் ஃபேனையே அணைக்கச் சொல்கிறாளே என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் எழுந்து போய் அணைத்தேன். அவள் ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கேட்டு வாங்கிக் கவிழ்த்து, அதன்மேல் தன் கைபேசியை வைத்தாள். துப்பட்டா நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலையே மாற்றிக்கொண்டு, "மேடம், தாங்கள் இந்த வயதில் மீண்டும் கற்க வந்ததற்கான காரணம் என்ன?" என்று மேடையில் பேசுவதுபோலக் கேட்டாள். நான் வேர்வையோடு வேர்வையாகச் சிரித்துவிட்டேன்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் கல்வியியல் துறையில் அவள் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எதற்காக மறுபடியும் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதே கல்லூரியின் வாழ்நாள் கற்றல் துறை நடத்திய மாலை வகுப்பில் நான் உருது படித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் அவள் கையில் அகப்பட்டேன். நான் பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்காவும் நானுமாக இந்த வீட்டில் இருந்தோம். அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு நான் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், "நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் வீட்டில் அடுப்பு காத்திருக்கும். ஆனால் சில நாட்கள், மாலையில் பால் வாங்கப் போய் வாயைத் திறந்தால், குரல் கம்மிப்போய் வரும். காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைக்கும்.

அவளுடைய கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. யாரும் கேட்காததால் அது உள்ளேயே கிடந்தது. எங்கள் பெரிய முதலாளி எனக்கு ஆங்கிலத்தில் டிக்டேஷன் கொடுப்பார். நான் தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்ததும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படிப்பார். படித்துவிட்டுப் பக்கத்து மேசையில் இருக்கும் தன் தம்பியிடம், "ஏக் பி கல்தி நை" என்று உருதுவில் முணுமுணுப்பார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். வருஷக்கணக்காக இது நடந்தது. என்னைப் பற்றி ஏதோ குறை சொல்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையாவது கேட்டிருக்கலாம்தான். ரோஷம் விடவில்லை. இந்தக் கிழவர் என்னதான் சொன்னார் என்று நானே தெரிந்துகொள்கிறேன் என்றுதான் ஓய்வு பெற்ற பிறகு உருது வகுப்பில் சேர்ந்தேன். ஒருநாள் ஆசிரியர் பலகையில் 'கல்தி' என்று எழுதிப் 'பிழை' என்று பொருள் சொன்னார். மற்ற வார்த்தைகள் அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தன. 'ஒரு பிழைகூட இல்லை.' இத்தனை வருஷமும் அந்த மனிதர் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! வகுப்பு முடிந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். சொல்ல ஆள் இல்லை. பெரிய முதலாளி காலமாகியிருந்தார். அக்காவும் இல்லை. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதை நான் சொல்லி முடித்தபோது அவளுக்கு மேடைத் தமிழ் மறந்துபோயிற்று. "அய்யோ ஆன்ட்டி! கடைசி வரைக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லியா அந்தாளு?" என்று கேட்டு, உடனே பதறிக் கைபேசியைப் பார்த்தாள். அது எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. அன்று அவள் போன பிறகும் வெகுநேரம் ஃபேனைப் போட எனக்குத் தோன்றவில்லை.

ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டாம். பேட்டி கொடுத்தவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து, அவரிடமே கொண்டுவந்து காட்டி, 'நீங்கள் சொன்னது இதுதானா?' என்று சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மற்றவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்களாம். அவள் கெட்ட நேரம், என்னிடம் வந்து மாட்டினாள். ஒரு ஸ்டெனோவிடம் தாளைக் கொடுத்தால் சும்மா விடுவாளா? ஓரிடத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிரித்தார்' என்று போட்டிருந்தாள். "நான் எங்கம்மா சிரிச்சேன்? இருமினேன்" என்று அடித்து எழுதினேன். இன்னோரிடத்தில் 'வருத்தத்துடன்' என்று இருந்தது. அதை 'எரிச்சலுடன்' ஆக்கினேன். அவள் திருத்தி எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வந்தாள். அதையும் திருத்தினேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.

அதன் பிறகு திருத்துவதற்கு உண்மையில் பெரிதாக எதுவும் இல்லை. பொய்யாக எதையும் நான் சொல்லவில்லை, அது என் சுபாவமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் விட்டுப்போனது ஏதாவது ஒன்று எனக்கு ஞாபகம் வந்துவிடும். "அந்தக் கடைசிப் பக்கம் எனக்குத் திருப்தியா இல்லம்மா, அடுத்த வாரம் கொண்டா பார்க்கலாம்" என்பேன். அவள் தலையில் கை வைத்துக்கொள்வாள். "இன்னா ஆன்ட்டி, இத்தினி பேஜார் பண்றீங்க? என் கைடு தேவலை!" என்பாள். ஆனால் வருவாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் வரவேண்டும். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமையே பல்லாவரம் சந்தைக்குப் போய்க் காய் வாங்கிவந்துவிடுவேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து கேட் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

கைபேசி அணைந்திருக்கும்போது அவள் வேறு ஆள். தரையில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவாள். கோவளம் பக்கத்துக் குப்பம் அவள் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். "வூட்ல எல்லாருக்கும் என்மேல உசுரு ஆன்ட்டி. ஆனா நான் இன்னா படிக்கிறேன்னு கேக்கத் தெரியாது. 'இன்னும் முடியலையா, இன்னும் முடியலையா'ன்னு அது ஒண்ணுதான் கேக்கும் எங்கம்மா. ஹாஸ்டல்ல பொண்ணுங்க கீதுங்க, அதுங்க அதுங்க ரூம்ல கதவ சாத்திகினு கீதுங்க." நான் கேட்பேன். இந்த வாரம் என்ன எழுதினாய், அந்தப் பெரிய வார்த்தைக்கு என்ன அர்த்தம், அதை ஏன் மூன்றாம் அத்தியாயத்தில் வைத்தாய் என்று நோண்டி நோண்டிக் கேட்பேன். அவள் சோற்றுக் கையைக் காயவிட்டுக்கொண்டு விளக்குவாள். விளக்கிக்கொண்டே போய், "ஆங்! இதை முன்னாடி கொண்டாரணும் இல்ல?" என்று அவளே தன் தப்பைக் கண்டுபிடிப்பாள். விமானப்படைத் தளத்து விமானம் தலைக்கு மேலே இரைந்து போகும். அது போய்த் தொலையும்வரை இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.

ஒரு சனிக்கிழமை அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள். அவளுடைய நெறியாளர், அவள் கைடு என்று சொல்லும் பேராசிரியை, மறுமுனையில் இருந்தார். "இன்னும் எத்தனை தடவைம்மா அந்த அஞ்சாம் நம்பர்கிட்டயே போய்க்கிட்டு இருப்பே? மத்தவங்க எல்லாரும் முடிஞ்சாச்சு. நீ சப்மிட் பண்ற எண்ணத்துல இருக்கியா இல்லையா? இந்தத் தடவை விட்டா எக்ஸ்டென்ஷன் கிடையாது, ஞாபகம் வச்சுக்க." அவள் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தாள். அந்த அஞ்சாம் நம்பர் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தது. என் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்பதற்காக வைத்த எண் அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று உறைத்தது. என் சனிக்கிழமைக்காக இந்தப் பெண்ணின் பட்டம் போய்விடும். அவள் அம்மா கேட்கும் அந்த ஒரு கேள்விக்கு இவள் காலத்துக்கும் பதில் சொல்ல முடியாமல் நிற்பாள்.

அவள் கை கழுவி வந்ததும் தாள்களைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டேன். அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோதானா ஆன்ட்டி? வேற ஒண்ணும் தப்பு இல்லியா? நல்லாப் பாருங்க" என்றாள். "ஒண்ணும் இல்லடி, எடுத்துக்கிட்டு ஓடு" என்றேன். தாள்களைப் பைக்குள் வைக்க அவளுக்கு நேரம் பிடித்தது. அப்பாடா, விட்டது தொல்லை என்று நிம்மதியாகத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கும் சௌகரியமாக இருந்தது.

பிறகு மாதங்கள் போயின. எழுதிக்கொண்டிருப்பாள், தொந்தரவு செய்யக்கூடாது என்று நானும் கூப்பிடவில்லை. ஆள் சேராமல் உருது வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி அலசினேன். ஒருநாள் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம். அக்காவின் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவளும் புடவையில் இருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றாள். பங்கேற்பாளர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்பது அவர்கள் விதி. திரையில் என் வார்த்தைகள் பெரிய எழுத்தில் வந்தன, கீழே 'பங்கேற்பாளர் ஐந்து' என்று போட்டு. எனக்கு முன்னால் இருந்த பையன்கள் முதலாளி கதையைப் படித்துவிட்டு 'ப்ச்' என்றார்கள். அது நான்தான்டா என்று அவர்கள் தோளைத் தட்டிச் சொல்லவேண்டும்போல் இருந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர், பதமாகத்தான் பேசினார். ஆய்வேட்டைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "மத்தவங்ககிட்டே எல்லாம் அளவா போயிருக்கீங்க. இந்த அஞ்சாவது பங்கேற்பாளர்கிட்டே மட்டும் ஏம்மா இத்தனை தடவை? புதுசா ஏதாவது தகவல் கிடைச்சுதா?"

"இல்ல சார். மூணாவது சந்திப்போட தேவையான தகவல் எல்லாம் கிடைச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் போனீங்க?"

அவள் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். திருத்தம், சரிபார்ப்பு என்று அவள் ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவாள் என்று நான் இருந்தேன். "அங்க போனா என்னையும் இன்னா ஏதுன்னு கேக்க ஒரு ஆள் இருந்தாங்க சார். திருத்தறதுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும்" என்றாள். அவ்வளவு பேர் முன்னால், அவள் வீட்டுப் பேச்சு அப்படியே வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு, "நல்லாப் பாருங்க" என்று அவள் எதற்காகக் கேட்டாள் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. அடிப்பாவி, அப்போதே சொல்லியிருக்கக்கூடாதா!

தேர்வாளரும் சிரித்தார். "ரொம்ப நல்ல விஷயம்மா. ஆனா அது ஆராய்ச்சி இல்லையே. மூணு சந்திப்பை மட்டும் வச்சுக்கிட்டு, மிச்சத்தை எடுத்துட்டு ஃபைனல் காப்பி கொடுத்துடுங்க" என்றார். கைத்தட்டல், சமோசா, காபி, போட்டோ என்று எல்லாம் முறையாக நடந்தன. குப்பத்திலிருந்து வந்திருந்த அவள் அம்மா எல்லோரிடமும், "என் பொண்ணு டாக்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என்னிடம் காகிதத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பக்கத்தில் நெறியாளர் நின்றிருந்தார். "வந்ததுக்கு ரொம்ப நன்றி மேடம்" என்றாள். தட்டை வாங்கும்போது அவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரம் அவளும் விடவில்லை.

இப்போது அவள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியை. முதலில் சனிக்கிழமைதோறும் போன் வந்தது. பிறகு கிறிஸ்துமஸுக்கும் புதுவருஷத்துக்கும் மட்டும் வந்தது. கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது, பாவம் அவளுக்கு எங்கே நேரம்? சென்ற மாதம் தாம்பரம் கல்லூரி நூலகத்துக்குப் போய், அனுமதி வாங்கி, அவளுடைய ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். நான் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். 'பங்கேற்பாளர் ஐந்துடன் மூன்று சந்திப்புகள் நடைபெற்றன' என்று அச்சாகியிருந்தது. தேர்வாளர் சொன்னபடியே ஒழுங்காகத் திருத்தியிருந்தாள். பழக்கதோஷம், கை தானாகப் பைக்குள் போய்ப் பென்சிலை எடுத்துவிட்டது. அந்த 'மூன்று' தப்பு. அது தப்பு என்று இன்னமும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேராகத்தான் இருக்கும். பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு ஆய்வேட்டை மூடினேன். திருத்தி வைத்தாலும், அதை வாங்கிக்கொண்டு போக யாரும் வரப்போவதில்லை.