மூடக் கூடாத சாமிப் பாட்டு

போன கிழமை என் மூத்த மகள் தன் மடிக்கணினியில் கீபோர்டைச் செருகினாள். அறநெறி வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேவாரம் வாசித்துக் காட்ட வேண்டுமாம். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இந்த மிடி போர்ட்டை வேறொரு மென்பொருள் பாவித்துக்கொண்டிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. "அட, இதுவா" என்றபடி பின்னால் திறந்துகிடந்த ஏதோ ஒன்றை மூடினாள். கீபோர்ட் பாடத் தொடங்கியது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நான் சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் குழம்பு சிந்திவிட்டது.

"என்னப்பா, ஏன் கோவம்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

கலியாணத்துக்கு முன் நான் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு ஒலிப்பதிவு அறையில் வேலை செய்தேன். கீழே நைலோன் வலைக் கடை, மேலே நாங்கள். சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டியிருக்கும். சூடான கொம்பியூட்டரும் சாம்பிராணியும் புது வலையும் கலந்து ஒரு மணம் அடிக்கும். இன்றைக்கும் ஏதாவது வலைக் கடைப் பக்கம் போனால் எனக்குக் காதில் பாட்டுத்தான் கேட்கும். நல்ல பதிவின் நடுவில் கப்பல் ஊதிவிடும், திரும்பவும் முதலில் இருந்து பாட வேண்டும். ஓ.எல் பரீட்சையில் கணக்கைக் கோட்டைவிட்ட எனக்கு அந்த அறையில் "எஞ்சினியர்" என்று பட்டம். அறையின் சொந்தக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்போம்.

கோயில் கொடியேற்றத்துக்குப் பிள்ளையார் பாட்டுகள் சிடியாக வர வேண்டும். எங்கள் கீபோர்ட் விளையாட்டுச் சாமான் போல இருந்ததால், பாலத்துக்கு அங்கால் முஸ்லிம் ஊரான குறிஞ்சாக்கேணியில் இருந்து சலீம் நானாவைக் கூப்பிட்டோம். வெளிநாட்டில் வேலைசெய்து வாங்கிய பெரிய சிந்தசைசரைப் பெட்சீற்றில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டி, பாலத்தால் வருவார். பாலம் திறந்த புதிது அப்போது. வந்ததும் வரிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

"இந்தப் பாட்டுல சாமி கோவமா இரிக்காரா, சிரிக்காரா? அதச் சொல்லுங்க தம்பி, மத்தத நான் பாத்துக்கிறன்."

முதல் நாள் எல்லாம் அருமையாகப் போனது. அவர் விரலில் பிள்ளையார் சிரித்தார். ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். அந்த சிந்தசைசர் பெட்டியைச் சோதித்துப் பார்க்க நாங்கள் முதலில் வாசித்தது ஏதோ கலியாண வீட்டுப் பாட்டு. கடவுள் பெயரைச் சொல்லாமல் தொடங்கிவிட்டோமே என்று மனம் கேட்கவில்லை. அன்று பின்னேரம் ஒரு காரியம் செய்தேன். காலையில் கொம்பியூட்டரைப் போட்டதும் தானாகவே ஒரு பிள்ளையார் பாட்டு அந்த சிந்தசைசரில் ஒலிக்கும்படி ஒரு சின்ன மென்பொருளை வைத்தேன். பாட்டு முடிந்ததும் அது மணிக்கூட்டுக்குப் பக்கத்து மூலையில் குட்டிப் படமாக ஒடுங்கி இருக்கும். அதை ஒருவரும் மூடக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். விளக்கை வாயால் ஊதி அணைக்க மாட்டோம் அல்லவா, அந்த மாதிரி.

இங்கே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மிடி என்பது சத்தம் அல்ல. எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற செய்தி. அது போய்வரும் வாசல்தான் போர்ட். எங்கள் கொம்பியூட்டரில் அந்த வாசலை ஒரு மென்பொருள் பிடித்துக்கொண்டால், அதை மூடும்வரை இன்னொன்று நுழைய முடியாது. பாட்டு முடிந்தாலும் என் மென்பொருள் வாசலை விடவில்லை. இதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பக்தி மட்டும்தான்.

மறுநாள் காலை பாட்டு கணீரென்று ஒலித்தது. சலீம் நானாவும் கைகட்டி மரியாதையாக நின்றார். பிறகு பதிவு மென்பொருளைத் திறந்தால், போர்ட் பாவனையில் இருக்கிறதென்று இங்கிலீசில் ஒரு செய்தி. அவர் வாசித்தது ஒன்றும் உள்ளே போகவில்லை. வயரை மாற்றினார். கழற்றிப் பூட்டினார். மூன்று நாள் இதே கூத்து. சாமிப் பாட்டு அதே பெட்டியில்தானே தினமும் ஒலித்தது? பெட்டியோ வயரோ பழுதென்றால் அது எப்படி வரும்? இந்தக் கேள்வி அங்கிருந்த ஒரு தலைக்கும் எட்டவில்லை. சாமி தன் வல்லமையால் பாடுகிறார் என்று நினைத்தோம் போல.

மாஸ்டருக்கு வேறொன்று எட்டியது. பாட வந்த நாலு பேருக்கும் முன்னால் சொன்னார்:

"சாமிப் பாட்டெண்டா இந்தப் பெட்டி வேலை செய்யுது. நீங்கள் கை வைச்சாத்தான் ஏலாதாம். அதுக்கு என்ன அர்த்தம் நானா?"

அவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

சலீம் நானா "ஒருக்கா எல்லாத்தையும் மூடிப்போட்டுப் பாப்பம்" என்று கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தினார். திறந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினார். கடைசியில் அம்புக்குறி மூலையில் இருந்த குட்டிப் படத்துக்குப் போனது.

"நானா, அதில கை வைக்காதேங்கோ. அது சாமிப் பாட்டு."

சொன்னது நான்தான். மாஸ்டர் இல்லை.

அவர் மவுசில் இருந்து கையை எடுத்தார். "சரி தம்பி" என்றார்.  பிறகு எழும்பி, பெட்டியைச் சுற்றிக் கட்டப் பெட்சீற்றை விரித்தார்.

அடுத்த கிழமை டவுனிலேயே இருந்த வேறொருவர் தன் கீபோர்டோடு வந்தார். ஒரு ஆளைப் பிடித்துக் கொம்பியூட்டரை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டோம். வேலை செய்தது. "பாத்தியே, அந்தாள் போனதும் எல்லாம் சரி" என்றார் மாஸ்டர். சலீமின் பெட்டி கோயில் பாட்டுக்கு ஆகாது என்ற கதை டவுன் முழுக்கப் போனது. அதற்குப் பிறகு ஒரு கோயிலும் அவரைக் கூப்பிடவில்லை. கலியாண வீட்டுக் குழுக்களும் மெல்லமெல்ல விட்டுவிட்டன.

நான் விடவில்லை, பாருங்கள். புதுக் கீபோர்டுக்கும் சாமிப் பாட்டை வைத்தேன். மறுநாள் காலை அதே செய்தி.  ஒருவரும் பார்க்காத நேரத்தில் மூலைப் படத்தை மூடினேன். கீபோர்ட் உடனே பாடியது. ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னேன்.

"கொடியேத்தம் கிட்டுது. இப்ப ஏன் இந்தக் கதை? வாயைப் பொத்து."

பொத்தினேன். சிடி வெளியீட்டில் எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். கழுத்தைக் குனிந்து வாங்கினேன். மாஸ்டர் மேல் எனக்குக் கோபம்தான், அது ஆறவும் வேண்டாம். ஆனால் அந்த மாலையை நினைத்தால் என் கழுத்தை நானே நெரிக்கலாம் போல வருகிறது. இத்தனை வருடமாகத் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற மனிதன் நான்.

குழம்பு சிந்திய மறுநாளே குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். சலீம் நானா வீட்டு வாசலில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். தாடி நரைத்துவிட்டது. கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். பிழை உங்கள் பெட்டியில் இல்லை, என் பாட்டில்தான் என்றேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் நானா மூடேல்லை?"

"நீங்க கை வைக்காதேங்கண்டு சொன்ன பொறகா? குறிஞ்சாக்கேணியான் சாமிப் பாட்ட நிப்பாட்டிட்டான் எண்டு ரோட்டுல கதை போனா, நான் பாலத்துக்கு அங்கால எப்படித் தம்பி வாற?"

 என்னை மன்னிக்க வேணும் என்றேன். அவர் கோபப்படவில்லை. சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, கம்பி நேராக ஓடுகிறதா என்று பார்த்தார்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. அண்டைக்குச் சிரிச்ச ஆக்களுக்கு முன்னால சொல்லுங்க."

நேரே டவுனுக்குத் திரும்பினேன். மாஸ்டர் காலமாகி இரண்டு வருடம். பாடியவர்களில் மூன்று பேர் கனடாவில், மற்றவள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வலைக் கடையை இடித்து, முட்டைத் தட்டுச் சுவரெல்லாம் போய், அந்த இடத்தில் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டல் நிற்கிறது. எதற்கென்று தெரியாமலே அதன் கேற்றடியில் நின்றேன்.

"ஐயா ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று காவலாளி கேட்டான்.

"அண்டைக்குச் சிரிச்ச ஆக்களை" என்றேன்.