தகரப்பெட்டியில் ஆறு பம்புகள்

சிவபாக்கியத்தின் மூச்சுக்குப் பார்க்காத வைத்தியம் இல்லை. சின்ன வயதில் காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிக் கொளுத்திப் புகை இழுக்க வைத்தார்கள். மூச்சுமுட்டு இறங்கியது, தலை சுற்றியது. பரியாரியார் ஆடாதோடைக் கசாயம் கொடுத்தார். கலியாணமான பிறகு ஆசுப்பத்திரிக் குளிசை. முட்டு நிற்கும், ஆனால் கை நடுங்கித் தேத்தண்ணி சிந்தும். எல்லாமே முட்டு வந்த பிறகு எடுக்கிற மருந்துகள்.

சண்டைக்குள் ஊர் ஊராக ஓடியபோது அதுவும் கிடைக்கவில்லை. ஒரு குளிசையை நாலாக உடைத்து, முந்தானையில் முடிந்து வைத்துத்தான் உயிர் தப்பினாள்.

சண்டை முடிந்த மறுவருடம், கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே இருந்த சொந்தக் காணிக்குப் புருஷன் தம்புவோடு திரும்பினாள். கிளினிக்கில் தாதி றோஸ்மேரி வாயில் வைத்து மருந்தை இழுக்கிற இரண்டு பம்புகளைக் கொடுத்தார். முட்டு வந்தால் நீலம். காலையும் மாலையும் மண்ணிறம். சிவபாக்கியம் நன்றாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து மண்ணிறத்தைத் தகரப்பெட்டியில் பூட்டினாள். சுகமாக இருக்கும்போது மருந்தை வீணாக்க அவளுக்கென்ன பைத்தியமா? மாதம் ஒன்றாக ஆறு சேர்ந்தன.

மாசியில் முதல் அறுவடை. இத்தனை வருடத்துக்குப் பிறகு சொந்த நெல்! சூடடித்த தூசி எழும்பியதுதான் தாமதம், மூச்சு அடைத்தது. நீலம் போதவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித்தான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு திரும்பியதும் அவள் அழுதது நெல்லுக்காகத்தான்.

தம்பு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். றோஸ்மேரி தலையில் கை வைத்தார்.

"அக்கா, முந்தி டொக்டர்மாரும் மூச்சுக்குழாய் இறுகிறதுதான் வருத்தமெண்டு நினைச்சவை. பிறகுதான் கண்டவை, முட்டில்லாத நாளிலயும் உள்ளுக்கு வீங்கித்தான் கிடக்குதெண்டு. அந்த வீக்கத்துக்குத்தான் இந்த மண்ணிறம். சுகமான நாளிலயும் இழுக்கவேணும்."

"முடிஞ்சு போச்செண்டால்?"

"இன்னொண்டு தருவம்."

"திரும்ப ஓட வேண்டி வந்தால், மிஸ்?"

றோஸ்மேரியும் ஓடியவர்தான். பெட்டியிலிருந்து ஒரு பம்பை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"வராதெண்டு நினைச்சு இழுங்கோ அக்கா. முதல் இந்த ஆறையும் முடியுங்கோ."

முதல் நாள் இழுக்கும்போது களவெடுக்கிற மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆவணியில், சிறுபோகச் சூடடிப்பில் சிவபாக்கியம் வாயை முந்தானையால் கட்டிக்கொண்டு, தம்புவுக்குப் பக்கத்தில் நின்று சுளகால் நெல்லைத் தூற்றினாள். நீலப் பம்ப் தேவைப்படாமல் இடுப்பிலேயே கிடந்தது.

அடுத்த கிளினிக்குக்குத் தகரப்பெட்டியோடு போனாள். மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். ஆறும் வெறும் பம்புகள். வாழ்க்கையில் முதன்முறையாக மிச்சம் பிடிக்காமல் மருந்தை முடித்திருந்தாள்.

"முடிச்சுப்போட்டன் மிஸ்," என்றாள். "அடுத்ததைத் தாங்கோ."