போர்டு இல்லாத வீட்டைத் தேடி ஓசூர் போனது

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் பஸ் பயணம் என்றால் எங்கள் பக்கத்தில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். போன மாதம் ஒரு புதன்கிழமை ஓசூர் போனது தங்கை ராணியைப் பார்க்க. ஹெச்.ஐ.வி. உள்ள எட்டுப் பெண்கள் சேர்ந்திருக்கும் வீட்டில் இருக்கிறாள். ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது. வாரம் ஒருமுறை நர்ஸ் வருவார். மற்றபடி அவரவர் மாத்திரை, அவரவர் வேலை. மூன்று வருடமாக நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலை 8.10க்குக் கிருஷ்ணகிரியில் பஸ். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய். சூளகிரி நெரிசலில் டிரைவர் என்னைக் கேட்டுத்தான் பஸ்ஸை சர்வீஸ் ரோட்டில் இறக்கினார். இல்லாவிட்டால் அன்றைக்குப் பெங்களூர் வண்டி ஒன்றும் நகர்ந்திருக்காது. 9.35க்கு ஓசூர்.

"இறங்கினதும் போன் பண்ணு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். யார்கிட்டயும் விசாரிக்காதண்ணா" என்று ராணி சொல்லியிருந்தாள். எனக்கா வழி தெரியாது? ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்து நாலு கிலோமீட்டர் தள்ளி, அவள் சொல்லியிருந்த ஏரியாவில் இறங்கினேன். அரை மணி நேரம் சுற்றியும் போர்டு எதுவும் கண்ணில் படவில்லை. டீக்கடையில் கேட்டேன்.

"இங்க பொம்பளைங்க ஹோம் ஒண்ணு இருக்குதாமே, எந்தத் தெரு?"

டீ ஆற்றிய கை நின்றது. "ஹோமா? கம்பெனிப் பொண்ணுங்க ஹாஸ்டல்தான் இருக்குது. யாருக்கு சார் ஹோம்?"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். ஏன் போர்டு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாயால் திறந்ததை வாயால்தான் மூட வேண்டும்.

"வயசானவங்களுக்கு. ஏற்கனவே ஒண்ணு இருந்தா நான் கட்டறது வீண்தானே? மூணு ஏக்கர் பார்க்க வந்திருக்கேன். பணம் பாம்பே பார்ட்டிது."

டீக்கடைக்காரர் முகம் மலர்ந்தது. "முன்னாடியே சொல்றதில்லையா! எங்க மச்சான் நிலம் இருக்குது. தண்ணி பொங்குது சார்."

"பொங்குமா? ரெண்டு போர் போட்டு புழுதிதானே வந்துச்சு?" என்றார் பெஞ்சுக்காரர் ஒருவர்.

"நீ டீயைக் குடி மாமா."

டீக்கடைக்காரரே என்னை மொபெட்டில் ஏற்றித் தளி ரோட்டில் பதினோரு கிலோமீட்டர் கூட்டிப்போனார். நாலு மூலையும் நடந்தேன். மண்ணை நாக்கில் வைத்து, "உப்பு தூக்கல்" என்றேன். அவருக்கு மரியாதை கூடிவிட்டது. திரும்பி வர மணி 12.55.

தெருவின் மறுகோடிக்குப் போய் ராணிக்குப் போன் செய்தேன். கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்தாள். ஒன்றரைக்கு ஷிப்ட் பஸ். நடந்ததைச் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஹோம்னா கேட்ட? இதுக்கு முன்னாடி மூணு வீடுண்ணா. மூணும் யாரோ வந்து ஒரு வார்த்தை கேட்டதுல போச்சு. ஓனரம்மாவுக்கு விஷயம் தெரியும். தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லித்தான் விட்டிருக்காங்க."

"பயப்படாத. மூணு ஏக்கர் பேசிட்டு வந்திருக்கேன்."

"நீ விட்ட பீலாவுலயே உருப்படியானது இது ஒண்ணுதான்" என்று சிரித்தாள்.

வீட்டில் எனக்கென்று புதுத் தட்டு ஒன்று, ஸ்டிக்கர் கூட உரிக்காமல் இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, அவர்கள் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். ராணி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். சேர்ந்திருந்தது இருபது நிமிடம்.

இப்படிப்பட்ட வீட்டில் உங்கள் ஆட்கள் இருந்தால்: போன் செய்யுங்கள், சொன்ன இடத்தில் நில்லுங்கள், யாரிடமும் கேட்காதீர்கள். இரண்டாம் ஷிப்ட் என்றால் பத்து மணிக்குள் போய்விடுங்கள். தெருப் பெயரை நான் எழுதவில்லை. மேலே சொன்ன தூரங்களில் இரண்டு பொய்; எவை என்று கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

டீக்கடைக்காரர் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார். விலையை இறக்கிக்கொண்டே வருகிறார். நான் பிடிகொடுக்கவில்லை. பேரம் படியாதவரைக்கும் அந்தத் தெருவில் எனக்கு வேலை இருக்கிறது.